பதினேழாம் எண்

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு இயந்திரங்கள் மீது எந்தப் பகையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாம், "அந்தம்மாவுக்கு அதெல்லாம் இயக்கத் தெரியாது, அதான்" என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தெரியாமல் ஒன்றும் இல்லை. கரும்பலகையைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் போர்டு மாட்டப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு முதுகுவலியைச் சொல்லிப் பயிற்சியிலிருந்து நழுவினார்கள். இவர் மட்டும் மூன்று சனிக்கிழமை போய் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்.

அதனால் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இதயத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து இருபது வருடம் பாடம் நடத்தியவர் அவர். அவர் வரைகிற இதயம் பார்ப்பதற்குச் சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதையே பார்த்து வரைந்து மார்க் வாங்கினார்கள். ஸ்மார்ட் போர்டில் இதயம் துடித்தது. வால்வு திறந்து மூடுவதைப் பார்த்து வகுப்பே வாய் பிளந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், ஒன்றாம் வகுப்பிலிருந்து வாயே திறக்காதவன், போர்டோடு ஆளுக்கொன்றாகக் கொடுத்த டேப்லெட்டில், டேப் என்பார்கள் அதை, பத்துக் கேள்விக்கும் சரியான பதிலைத் தொட்டிருந்தான். இவ்வளவு நாளும் இவனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது என்று டீச்சர் அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

இந்த வசதிகளோடு சேர்ந்து வந்த இன்னொன்று, வருகைப் பதிவு. பிள்ளைகள் உட்கார்ந்து டேப்பைத் திறந்தால் போதும், டீச்சரின் மேசைத் திரையில் அவரவர் எண்ணுக்கு நேரே ஒரு பச்சைப் புள்ளி வந்துவிடும். பெயர் கூப்பிட வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம் மிச்சம்.

அந்தப் பத்து நிமிடம் அதுவரை வாயாடிக்குச் சொந்தமாக இருந்தது.

வாயாடி என்று பெயர் வைத்தது டீச்சர்தான். வகுப்பில் பதினேழாம் எண். பன்னிரண்டு வயது. தூங்கும்போதாவது வாய் ஓயுமா என்று அவள் அம்மாவைக் கேட்டால், "அப்பவும் இல்ல டீச்சர்" என்பார். எப்படியும் பேசத்தான் போகிறாள், உருப்படியாக எதையாவது பேசட்டும் என்று டீச்சர் அவளை வகுப்புத் தலைவி ஆக்கிப் பெயர் கூப்பிடும் வேலையைக் கொடுத்தார். இரண்டே நாளில் அவள் பதிவேட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நாற்பத்திரண்டு பெயரும் மனப்பாடம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்வாள். பதினேழு வரும்போது தன் பெயரைத் தானே அதட்டலாகக் கூப்பிட்டுவிட்டு, எலிக்குஞ்சு மாதிரி மெல்லிய குரலில் "உள்ளேன் மிஸ்" என்று தானே பதில் சொல்வாள். தினமும் அதே வேடிக்கைதான். தினமும் வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பச்சைப் புள்ளி வந்த அன்று அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், இது பேரு சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா தப்பு பண்ணாது."

"நானும் தப்பு பண்ணலையே மிஸ்."

டீச்சர் திரையைப் பார்த்தபடியே, போய் உட்காரு என்றார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து அவள் குரல் கம்மியது. பேசிப் பேசித் தேய்ந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். "வாய்க்கு ரெண்டு நாள் லீவு குடு" என்று டீச்சரும் சொன்னார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சரியாகவில்லை. தொண்டைக்குள் கட்டி என்றார்கள். நல்ல கட்டி இல்லை என்றார்கள். பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்த அம்மா வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் யாரோ வசிக்கிற மாடிகளுக்கு லிஃப்ட் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் கிரீஸ் கையோடு மருத்துவமனைக்கு ஓடுவார்.

பிள்ளை படுக்கையிலிருந்தே பாடம் கேட்கட்டும் என்று யோசனை சொன்னது வேறு யாருமில்லை, இந்த டீச்சர்தான். பள்ளியின் கம்ப்யூட்டர்காரரைப் பிடித்து, மருத்துவமனையில் ஒரு டேப், இரண்டாவது பெஞ்சில் அவள் இடத்தில் ஒரு டேப் என்று ஏற்பாடு செய்தார். இரண்டு பக்கமும் பேசுவது நேராகப் பள்ளிக் கம்ப்யூட்டரில் பதிவாகும். பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரி அதைத் தினமும் தூசி துடைத்து நிறுத்துவாள். முதல் நாள் திரையில் வாயாடியின் முகம் வந்தபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "உக்காருங்கடா, நான் என்ன ஹெட்மிஸ்ஸா" என்றது டேப். கம்மிய குரல்தான், ஆனாலும் அவளுடைய குரல். அறிவியல் இவ்வளவு காலம் எதற்காக உழைத்தது என்று கேட்டால், இதோ இதற்காகத்தான் என்று அந்த நிமிடம் அவர் சொல்லியிருப்பார்.

பிள்ளைகள் பிள்ளைகள்தானே. இடைவேளையில் டேப்பைத் தூக்கி மின்விசிறியைக் காட்டினார்கள், பாத்ரூம் வாசல் வரை கொண்டுபோனார்கள், சவுண்டை ஏற்றிவிட்டு அலறினார்கள். எழுதி அனுப்பும் பகுதியில் பொம்மைப் படங்களாகக் கொட்டினார்கள். டீச்சருக்குக் கோபம் வந்தது. எழுதி அனுப்பும் பகுதியை அடைத்தார். இனி என்னைத் தவிர எவரும் டேப்பைத் தொடக்கூடாது, தொட்டால் அந்தக் கை மறுநாள் வகுப்புக்குள் வராது என்றார். துடைக்கும் வேலையையும் கண்ணாடிக்காரியிடமிருந்து வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார்; சாயங்காலம் திரை அணைந்த பிறகு துடைப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. மேலதிகாரிகள் நான்கு பேர், புது வகுப்பறை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார்கள். தலைமையாசிரியை பட்டுப்புடவையில் வந்து நின்றார். டீச்சர் இரண்டாவது பெஞ்சு டேப்பை நடுவிலிருந்து எடுத்து, போர்டு முழுதாகத் தெரியும்படி ஜன்னல் ஓரத்தில் ஒரு தாங்கியில் வைத்தார். பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் டேப்பிலிருந்து தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டது. பின்னாலேயே ஒரு நர்ஸ், "யாருக்கு இன்னும் யூரின் பை மாத்தல?" என்று கணீரென்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ காறிக் காறி இருமினார்கள். அதிகாரிகளில் ஒருவர் மூக்கைச் சுளித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தலைமையாசிரியை பார்த்த பார்வையில் டீச்சருக்கு உடம்பு கூசியது. பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் பக்கம் நடந்து, டேப்பின் ஓரத்தில் விரலை வைத்து, சவுண்டைக் கீழே வரை இறக்கினார். வகுப்பு அமைதியானது. பாடம் தொடர்ந்தது. அதிகாரிகள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

சவுண்டைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

மறக்க முடியுமா என்று கேட்கலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறோமே, அப்படித்தான். டேப் இப்போது ஜன்னல் ஓரத்தில் இருந்தது. வெளிச்சம் விழுந்து திரை வெள்ளையாக மின்னியது. போர்டு பக்கத்தில் நின்று பார்த்தால் உள்ளே முகம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேசைத் திரையில் பதினேழுக்கு நேரே பச்சைப் புள்ளி காலையில் வந்து, வகுப்பு முடியும் வரை அப்படியே நின்றது. பெயர் கூப்பிடும் வழக்கம் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தாகிவிட்டதே.

கண்ணாடிக்காரி ஒரு தடவை எழுந்தாள். "மிஸ், டேப்ல அவ..."

"டேப்ல என்ன? தொட்டியா?"

"இல்ல மிஸ்."

"அப்ப போர்டைப் பாரு."

உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

ஆசிரியர் அறையில் டீச்சர் சொன்னார், "பாவம், அதுக்கு இப்பல்லாம் பேசவே முடியல போல. சத்தமே இல்ல." பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. வகுப்பு இவ்வளவு ஒழுங்காக நடந்து எத்தனை காலமாகிவிட்டது என்று ஒரு சின்ன நிம்மதி. இப்படி ஒன்பது வகுப்பு நாட்கள் போயின. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பதினேழுக்கு நேரே புள்ளி சாம்பல் நிறமாக இருந்தது. அன்று அறுவை சிகிச்சை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லிஃப்ட் மெக்கானிக் பள்ளிக்கு வந்தார். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது டீச்சர். கட்டியை எடுத்துட்டாங்க. உயிருக்கு இனி பயமில்லையாம்."

"ரொம்ப சந்தோஷம். எப்ப பேசுவா?"

அவர் தரையைப் பார்த்தார். "இனிமே பேச மாட்டா டீச்சர். குரல் வர்ற இடத்தையே எடுக்க வேண்டியதாப் போச்சு. அவளுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு வாரத்துக்கு முந்தி, திங்கக்கிழமை சாயங்காலம், டாக்டர் அவளையே உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டார். அவ அழல. அப்ப இன்னும் எத்தனை நாள் பேசலாம்னு கேட்டா. அதுலேர்ந்து ஒரே பேச்சுதான். நர்ஸ்கிட்ட, வண்டி தள்றவங்ககிட்ட, எங்ககிட்ட. கிளாஸ்லயும் நிறைய பேசினேன்னு சொன்னா."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பில் அவள் பேசவே இல்லையே என்று வாய் வரை வந்தது.

"ஒரு உதவி டீச்சர். என் பழைய போன் லிஃப்ட் குழிக்குள்ள விழுந்து நொறுங்கிடுச்சு. அவ பேசின வீடியோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. இப்ப வெச்சிருக்கறது வெறும் பட்டன் போன். அவ குரல்னு வீட்ல ஒண்ணுகூட இல்ல. உங்க கிளாஸ் எல்லாம் பதிவாகுதுன்னு அவதான் சொன்னா. அதுல அவ பேசினது இருந்தா..."

பார்க்கிறேன் என்று டீச்சர் சொன்னார்.

கம்ப்யூட்டர் அறையில் பழைய இயந்திரங்களின் சூடும் தூசியும் கலந்த வாடை. கம்ப்யூட்டர்காரர் பட்டியலைத் திறந்தார். "பதினஞ்சு நாள் வரைக்கும்தான் இருக்கும் டீச்சர். அதுக்கு மேல தானா அழிஞ்சிடும். இடம் பத்தாது. இருக்கறதுலயே பழசு, ரெண்டு வாரத்துக்கு முந்தின திங்கக்கிழமை பதிவு, இன்னிக்கோட போயிடும், செவ்வாய் நாளைக்குப் போயிடும். சீக்கிரம் பார்த்துக்குங்க." பிறகு கைக்கு வந்த ஒரு நாளைத் தட்டினார். போன வாரத்துப் புதன்கிழமை.

டீச்சரின் குரல்: "உப்புத் தண்ணியிலேர்ந்து உப்பை எப்படிப் பிரிப்பீங்க?"

உடனே ஒரு தேய்ந்த குரல், முந்திக்கொண்டு: "காய்ச்சணும் மிஸ். தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு அடியில தங்கிடும்."

டீச்சரின் குரல்: "யாருக்கும் தெரியலையா?"

"எனக்குத் தெரியும் மிஸ். காய்ச்சணும்."

"எல்லாரும் தூங்குறீங்களா?"

"மிஸ். நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். கேக்குதா மிஸ்?"

கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அவதான் பதில் சொல்றாளே டீச்சர். உங்களுக்குக் கேக்கலையா?"

டீச்சர் எழுந்து வகுப்பறைக்குப் போனார். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். ஜன்னல் ஓரத்து டேப்பின் பக்கப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். திரையில் சவுண்டுக் கோடு எழுந்தது. பூஜ்யத்திலிருந்து ஒன்று. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கையால்தான் இறக்கினோம் என்று தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர்காரருக்கு விஷயம் புரிந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "ஒண்ணும் பதிவாகலன்னு சொல்லிடலாம் டீச்சர். மெஷின் கோளாறுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? பத்துப் பதினஞ்சு நாள்ல எல்லாமே தானா போயிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

இங்கேதான் அவரை மன்னிக்க முடியாமல் போகிறது. மறந்தது மனித சுபாவம், போகட்டும். நாளைக்கு என்று சொன்னது மறதி இல்லை, பயம். தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஊர் என்ன பேசும், அந்த அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு நாள் தனக்குள்ளேயே வழக்கு நடத்தினார். ஒன்பதில் இரண்டு போனால் என்ன, ஏழு இருக்கிறதே என்று கணக்குச் சொல்லித் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். புதன்கிழமை மெக்கானிக் இரண்டு தடவை போன் செய்தார். டீச்சர் போனைக் கைப்பைக்குள் போட்டு, பையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை காலை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். எவரும் கை தூக்கவில்லை. பழக்கத்தில் "யாருக்கும் தெரி..." வரை வந்துவிட்டது. நாற்பத்தொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

அவர் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கிரீஸ் படும் என்று கைகளை மேசைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஏழு நாட்களும் இருந்தன. மகள் பேசிய இடங்களை மட்டும் கம்ப்யூட்டர்காரர் தட்டிக்கொண்டே போனார்.

முதல் பதிலைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இது சரியான பதிலா டீச்சர்?"

"சரிதான்."

இன்னொன்று ஓடியது. "இது?"

"இதுவும் சரி."

ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அவருக்குப் படிப்பு ஏழாவது வரைகூடக் கிடையாது. பதில்களுக்குப் பின்னாலேயே "யாருக்கும் தெரியலையா" என்ற டீச்சரின் குரலும் தவறாமல் வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சரியா என்று மட்டும் கேட்டார். ஒரே ஒரு இடத்தில், துரு பற்றிய கேள்விக்கு அவள் சொன்னது பாதிதான் சரி. டீச்சர் அதையும் சரி என்றே சொன்னார்.

எல்லாம் முடிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "அவ எழுதிக் குடுத்தா. முதல் வாரத்து செவ்வாய்க்கிழமைதான் ரொம்ப முக்கியமாம். டாக்டர் சொன்ன மறுநாள். அன்னிக்குக் காலையில கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முந்தி எல்லார் பேரையும் கூப்பிட்டாளாம். நாப்பத்திரண்டு பேரு. எப்பவும் போல. அவங்க அம்மாவும் பக்கத்துல இருந்து கேட்டா. ஒருத்தரும் பதில் சொல்லலன்னு கொஞ்சம் வருத்தம் அவளுக்கு. ஆனாலும் பாதியில நிறுத்தலையாம். அது மட்டும் எனக்கு வேணும்பான்னு எழுதியிருக்கா."

கம்ப்யூட்டர்காரர் சுவரைப் பார்த்தார்.

டீச்சர் சொன்னார். சவுண்டைத் தான்தான் இறக்கியது, யாரும் தொடக்கூடாது என்று தான்தான் சொன்னது, அவர் வந்து கேட்ட செவ்வாய்க்கிழமை அந்தப் பதிவு இருந்தது, புதன்கிழமைகூட இருந்தது, பயந்துபோய்த் தான் பேசாமல் இருந்ததில் நேற்றோடு அழிந்துவிட்டது. ஒன்றையும் விடாமல் சொன்னார்.

மெக்கானிக் காகிதத்தை மடித்தார். முன்பிருந்த மடிப்பிலேயே, மெதுவாக.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க மணி அடிச்சுக்கிட்டே இருப்பாங்க டீச்சர்" என்றார். "வெளியில மணி கெட்டுக் கிடக்குன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. யாரோ வந்துட்டு இருக்காங்கன்னு நினைச்சுட்டு அடிப்பாங்க. அதனால எங்க வேலையில மோட்டாரை அப்புறம்தான் பார்ப்போம். போனதும் முதல்ல மணியைப் பார்ப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர்காரர் ஏழு நாள் பதிவையும் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் காகிதத்தோடு வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டீச்சர் டேப்பை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து இரண்டாவது பெஞ்சின் நடுவில், அவள் இடத்திலேயே வைத்தார். சவுண்டை மேலே வரை ஏற்றினார். திரையில் தலையணை தெரிந்தது, பிறகு அவள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. முகம் சுண்டிப்போயிருந்தது. கண் மட்டும் பழையபடி எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டி கிறீச்சிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருமினார்கள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் பெஞ்சுக்கு முன்னால் மண்டி போட்டு, திரைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார். "ஒன்பது நாளும் நீ பேசினது எங்க யாருக்கும் கேக்கலம்மா. நான் சத்தத்தைக் குறைச்சுட்டு மறந்துட்டேன். நீ சொன்ன பதில் எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமை நீ பேரு கூப்பிட்டது இவங்க யாருக்கும் கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பாங்க. அந்தப் பதிவும் இப்ப இல்ல. அதுவும் என்னாலதான்."

கண்ணாடிக்காரி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும் மிஸ். அவ வாய் அசையறது தெரிஞ்சுது. தொடக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். டீச்சர் அவள் தலையில் கை வைத்தார்.

திரையில் வாயாடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னித்தாளா, இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பார்த்தாள், ஊசி குத்தியிருந்த கை வளையவில்லை, விட்டுவிட்டாள். முதல் பெஞ்சின் மூலையைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஒன்றாம் எண்காரன் திருதிருவென்று விழித்தான். அவள் காத்திருந்தாள். மறுபடியும் அதே மாதிரி உதட்டை அசைத்தாள். அவனுக்குப் புரிந்தது. விறைப்பாக எழுந்து நின்று, "உள்ளேன் மிஸ்" என்றான்.

அடுத்த உதட்டசைவு. "உள்ளேன் மிஸ்."

வரிசை எல்லோருக்கும் தெரியும். தன் முறை எப்போது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எழுந்து, டேப்பைப் பார்த்து, மருத்துவமனை வரை எட்ட வேண்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னார்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் பன்னிரண்டாம் எண். அவனும் சொன்னான். டீச்சர் மண்டி போட்டபடியே இருந்தார். எழுந்திருக்க அவருக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் எண்காரன் சொல்லி முடித்து உட்கார்ந்தான்.

அவள் தன் பெயரைக் கூப்பிட்டாள். அதே அதட்டல் முகம், அதே புருவம். பிறகு முகத்தைச் சின்னதாக்கி, எலிக்குஞ்சு மாதிரி, பதில் சொல்ல வாய் திறந்தாள்.

உதடு அசைந்து முடிந்தது. சவுண்டு முழுக்க ஏற்றியிருந்த டேப்பிலிருந்து தூரத்தில் போகும் தள்ளுவண்டியின் சக்கரம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் எப்போதும் சிரிக்கிற இடம் அது.

அவள் அடுத்த பெஞ்சைப் பார்த்தாள். பதினெட்டாம் எண்காரி எழுந்து நிற்கக் கொஞ்ச நேரமானது.